பூமயிலின் பதினோரு பானைகள்

நண்டின் கண்ணை வெட்டினால் அதன் ஓடு ஏன் கழல வேண்டும்?

1958-ஆம் வருஷம் சித்திரை முதல் வாரத்தில், உச்சிப்புளி ரயில் நிலையத்தில் பூமயில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானத்தில் எனக்கு எழுபத்தொரு மார்க். எங்கள் பாடப் புத்தகத்தில் நண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பத்துக் கால் உண்டு, செவுளால் மூச்சு விடும், வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போட்டுக்கொள்ளும். இவ்வளவுதான் இருந்தது. கண்ணுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அதில் இல்லை. "தெரியாது" என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைத்தான் எழுதுகிறேன். பாதி நான் நேரில் பார்த்தது. மீதி அவரும் அவருடைய கொழுந்தன் முனியசாமியும் சொன்னது.

பூமயில் கடற்கரையில் பிறந்தவர் அல்ல. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாயும் நெல்லும் விளையும் ஒரு கிராமத்துக்காரர். கண்மாய் மூன்று வருஷம் நிரம்பவில்லை. மூன்றாவது வருஷம் அவர் கணவர் நாகநாதன் காலராவில் இறந்துபோனார். அதன் பிறகு பூமயிலும், நாகநாதனின் தம்பி முனியசாமியும் பிழைப்புத் தேடி உச்சிப்புளிக்கு வடக்கே கோரைமுனை என்ற சிறு குடியிருப்புக்கு வந்தார்கள். அங்கே கடல்நீர் ஓர் ஓடையாக உள்ளே வரும். கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது ஓடைக்கரைச் சேற்றில் நண்டு வளைகள் தெரியும். வளைக்குள் கொக்கிக் கம்பியை விட்டுச் சேற்று நண்டைப் பிடிக்க வேண்டும். பழகிக்கொள்ள ஒரு வருஷம் ஆனதாம். பூமயிலின் இடது கைப் பெருவிரல் நகம் அந்த வருஷத்தில் போனது.

சேற்று நண்டு எல்லாம் ஒரே விலை போகாது. புதிதாக ஓடு மாற்றிய நண்டைத் தண்ணீர் நண்டு என்பார்கள். அமுக்கினால் ஓடு உள்ளே போகும். வேகவைத்தால் சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அதை யாரும் வாங்க மாட்டார்கள். பிடித்தவர்கள் திரும்ப ஓடையிலேயே எறிந்துவிடுவார்கள். பூமயில் எறியவில்லை. உடை மரக் கம்புகளையும் பனை மட்டைகளையும் நட்டு ஓடையின் ஓரத்தில் ஓர் அடைப்புக் கட்டினார். தண்ணீர் நண்டுகளை அதில் விட்டு மீன் கழிவு போட்டார். மூன்று நான்கு வாரத்தில் ஓடு இறுகிச் சதை நிறைந்துவிட்டது. ஆட்டுப் பட்டி மாதிரி இருந்ததால் அதைப் 'பட்டி' என்றே சொன்னார்.

"ஆட்டை அடைச்சுப் பார்த்திருக்கேன், மாட்டை அடைச்சுப் பார்த்திருக்கேன். நண்டை அடைச்சு மேய்க்கிறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்று பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சிரிப்பார். "சாயங்காலம் பால் கறப்பியா பூமயிலு?"

"கறந்தா ஒனக்குத்தான் மொதச் செம்பு, மயினி."

நண்டு வாங்க வருபவர் வாவு முகம்மது. கருவாடு, சங்கு, நண்டு எல்லாம் வாங்கி ரயிலேற்றுகிறவர். 1958 மாசியில் அவர் பட்டியைப் பார்த்துவிட்டு ஒரு பேச்சுப் பேசினார். மதுரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வாராவாரம் கெட்டி நண்டு வேண்டும். பங்குனிக் கடைசியில் அறுபது நண்டு, எல்லாம் ஓடு இறுகியதாக, கால் உடையாததாகக் கொடுத்தால் வருஷம் முழுக்கப் பூமயிலிடமே எடுப்பார். கொடுக்க முடியாவிட்டால் தொண்டிப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறான்.

"மொதலாளி, நீங்க நண்டு தின்ன மாட்டீக. நல்லது கெட்டது எப்பிடித் தெரியுது?"

"நான் நண்டைத் தின்னுறதில்ல தாயி. கெட்ட நண்டு குடுத்தா மதுரைக்காரன் என்னையத் தின்னுருவான். அதுல தெரிஞ்சுக்கிட்டேன்."

அந்த வேலை பூமயிலுக்கு மிகவும் அவசியமாக இருந்தது. அவருடைய அண்ணன் ஊரிலிருந்து ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார். தனியாகக் கடற்கரையில் கிடக்க வேண்டாம், வந்து வயல்காட்டு வேலை பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கட்டும் என்று. பங்குனிக்குள் நிலையான வருமானம் வராவிட்டால் வந்துவிடுகிறேன் என்று பூமயில் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் வீட்டில் சோறு கிடைக்கும். ஆனால் அங்கே அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு காரியமும் செய்ய முடியாது.

அறுபது நண்டுக்காக எழுபதுக்கு மேல் பட்டியில் விட்டார்கள். நெரிசலில் நண்டுகள் சண்டை போட்டன. தினமும் இரண்டு மூன்று கால்கள் உடைந்து கிடந்தன. கொடுக்குகளை நாரால் கட்டினால் இரை எடுக்கத் தடுமாறின. அப்போதுதான் முனியசாமி யோசனை சொன்னான். அவன் ஊரில் ஒரு வருஷம் செக்கு ஓட்டியவன்.

"மதினி, செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டுறோம்ல? கண்ணு தெரிஞ்சா மெரளும், முட்டும். கட்டிட்டா அதுபாட்டுக்குச் சுத்தும். இதுக்கும் கண்ணை எடுத்துட்டா என்ன?"

"கட்டுறது வேற, எடுக்கிறது வேறடா."

"நண்டுக் கண்ணு குச்சி மேலதான நிக்குது? கத்தரி வச்சு நறுக்குனா முடிஞ்சுச்சு. மோந்து பாத்தே இரை எடுத்துக்கிரும்."

பூமயில் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நண்டுக்கு மட்டும் கண் காம்பை நறுக்கித் தனிக் கூடையில் வைத்து மூன்று நாள் பார்த்தார். இரண்டும் இரை எடுத்தன. ஒன்றையொன்று தொடவே இல்லை. அதன் பிறகு ஐம்பத்திரண்டு நண்டுகளுக்கு நறுக்கினார்கள். முனியசாமியின் விரல் கடிபட்டதால் மீதியை விட்டுவிட்டார்கள். பட்டியில் சண்டை நின்றது. "மூணு நாள் பாத்தா போதும்னு நெனச்சேன் பாருங்க, அதுதான் நான் செஞ்ச தப்பு" என்று பூமயில் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கண்ணை நறுக்கிய பதினெட்டாம் நாள் காலையில் பட்டியில் நாலு நண்டு செத்து மிதப்பது போல இருந்தது. எடுத்துப் பார்த்தால் வெறும் ஓடு. பக்கத்தில் சேற்றோடு ஒட்டிக்கொண்டு நாலு நண்டுகள் ஈரத்துணி மாதிரிக் கிடந்தன. மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் பதினொன்று. கண் உள்ள நண்டுகள் மெத்தென்று கிடந்த அந்த நண்டுகளைப் பிய்த்துத் தின்றன. சில பாதி ஓட்டைக் கழற்றியபடியே செத்தன. பூமயிலுக்கு ஒன்று புரியவில்லை. இவை எல்லாம் தண்ணீர் நண்டாகப் பட்டிக்கு வந்தவை. அதாவது அப்போதுதான் ஓடு மாற்றியவை. பெரிய நண்டு ஒரு தடவை ஓடு மாற்றினால் அடுத்ததற்குப் பல மாதம் ஆகும். இவை ஒரே மாதத்தில் ஏன் மறுபடி மாற்ற வேண்டும்?

வாவு முகம்மது வந்தார். ஒரு நண்டை எடுத்து அமுக்கினார். விரல் பதிந்தது.

"என்ன தாயி இது, இட்லியா?"

"கண்ணை வெட்டுனதுல ஏதோ ஆயிப்போச்சு மொதலாளி."

"கண்ணை வெட்டுனா குருடாகும். தோலு உரியுமா? இது நோய். தண்ணியில நோய் வந்திருக்கு. அல்லாவே, இதை நான் மதுரைக்கு அனுப்பியிருந்தா!"

அவர் அதோடு நிற்கவில்லை. கோரைமுனையில் யாரிடமும் நண்டு எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். அங்கே பதினாறு குடும்பம் நண்டை வைத்தே பாதிப் பிழைப்பு நடத்தியது. மற்றவர்கள் பிடித்த நல்ல நண்டும் உச்சிப்புளி ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தது. பூமயில் என்னைக் கேள்வி கேட்ட அன்று அவர் கூடையில் இருந்ததும் அப்படித் திரும்பிய நண்டுதான்.

குடியிருப்பில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். வைகாசி பிறப்பதற்குள் பூமயில் பட்டியைப் பிரித்துவிட்டு ஊருக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். பட்டி போனால் ஓடை சுத்தமாகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லலாம் அல்லவா?

"நோய் இல்ல. கண்ணை வெட்டுனதுதான்" என்றார் பூமயில்.

"ஆமா, கண்ணு தெரியல, ராத்திரி ஆயிருச்சுன்னு நெனச்சு சட்டையைக் கழட்டிப் போட்டுப் படுத்துருச்சு" என்றார் பிச்சையம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பூமயில் சிரிக்கவில்லை. அது உண்மையாகவும் இருக்கலாமே என்று யோசித்தார். நோய் காரணமா, இருட்டுக் காரணமா, வெட்டியது காரணமா? மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் தெரிந்துவிடும். வைகாசிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

உச்சிப்புளிச் சந்தையில் பன்னிரண்டு மண்பானை வாங்கினார். வழியில் ஒன்று உடைந்துவிட்டது. பதினொன்றிலும் சுற்றிலும் ஓட்டை போட்டு, ஓடைச் சேற்றில் கழுத்து வரை புதைத்தார். ஒரே ஏற்றமும் வற்றமும் எல்லாப் பானைக்கும் போய் வரும். பானைக்கு ஒரு தண்ணீர் நண்டு. நாலு நண்டுக்குக் கண் காம்பை நறுக்கினார். நாலை ஒன்றும் செய்யாமல் விட்டார். மூன்று நண்டுக்குக் கண்ணை வெட்டவில்லை. கண்ணின் மேல் துணிச் சுருளை வைத்து நூலால் கட்டி, படகுக்குப் பூசும் கீலை ஆறவைத்துத் தடவினார். அவற்றுக்குப் பார்வை இராது, ஆனால் கண் வெட்டுப்படாமல் உள்ளேயே இருக்கும். நண்டு துணியைத் தேய்த்துத் தள்ளிவிடும். மூன்று நாளைக்கு ஒரு தடவை மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளைக்குத் தலைப்பா கட்டுற மாதிரியில்ல கட்டுறா" என்று பிச்சையம்மாள் கரையில் நின்று சொல்வார். ஆனால் தினமும் வந்து பார்த்தார்.

எனக்கும் வேலை இல்லாததால் நாலைந்து தடவை போனேன். வெட்டிய நண்டுகளில் ஒன்றுக்கு இடது பக்கம் இரண்டு கால் முன்பே போயிருந்தது. ஒன்றும் செய்யாத நண்டுகளிலும் ஒன்றுக்கு ஒரு கால் இல்லை. கால் உடைந்த இடத்தில் உளுந்து அளவில் ஒரு மொட்டு இருந்தது. இரண்டிலும் முதலில் ஒரே அளவுதான். பத்து நாளுக்குப் பிறகு வெட்டிய நண்டின் மொட்டு மட்டும் பருத்தது. பதினைந்தாம் நாள் அது கொண்டைக்கடலையை விடப் பெரிதாக இருந்தது. மற்ற நண்டில் உளுந்து உளுந்தாகவே நின்றது.

பத்தொன்பதாம் நாள் வெட்டிய நண்டில் ஒன்று ஓட்டைக் கழற்றியது. இருபத்தொன்றில் இன்னொன்று. இருபத்துமூன்றாம் நாள் கால் போன நண்டு கழற்றியது. அந்த மொட்டுகள் விரிந்து, சிறியதாக, கணுக் கணுவாக இரண்டு கால்கள் வந்திருந்தன. நாலாவது நண்டு பாதி கழற்றும்போதே செத்துப்போனது. கண் கட்டிய மூன்றும் ஒன்றும் செய்யாத நாலும் பழைய ஓட்டோடு அப்படியே இருந்தன. அமுக்கிப் பார்த்தால் இறுகிக்கொண்டு வந்தன.

இருட்டு காரணம் அல்ல, நோயும் அல்ல என்பது பூமயிலுக்குத் தெரிந்துவிட்டது. முனியசாமியை அனுப்பி வாவு முகம்மதுவைக் கூப்பிட்டார்.

அவர் தனியாக வரவில்லை. மண்டபத்தில் கடல் உயிர்களை ஆராய்கிறவர்களுக்கு மாதிரிகள் சேகரித்துக் கொடுக்கும் தன் மச்சான் சலாஹுதீனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நோய் இருந்தால் இவர் கண்டுபிடித்துவிடுவார் என்பது அவர் எண்ணம். குடியிருப்பே கரையில் நின்றது. பூமயில் பானை பானையாகத் தூக்கிக் காட்டினார். சலாஹுதீன் கண் கட்டிய நண்டைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இதை யாரு செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலையே. இந்தா நிக்கிறாகளே, இவுகதான் கேலி பண்ணுனாக" என்று பூமயில் பிச்சையம்மாளைக் காட்டினார்.

"மச்சான், இதுல நோய் கிடையாது" என்றார் சலாஹுதீன். "இந்தக் கண்ணுக் காம்புக்குள்ள ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அதுல இருந்து ஒரு சத்து ரத்தத்துல கலந்துக்கிட்டே இருக்கும். 'இப்ப வேணாம், பொறு'ன்னு சொல்றது அதுதான். தலைக்குள்ள வேற ஒரு சுரப்பி இருக்கு. ஓட்டை மாத்துன்னு சொல்றது அது. காம்பை வெட்டிட்டா பொறுன்னு சொல்ல ஆள் இல்ல. உடம்பு தயாரோ இல்லையோ, மாத்து மாத்துன்னு உத்தரவு போயிரும். கண்ணைக் கட்டுனா காம்பு உள்ளயே இருக்கு. அதனால ஒண்ணும் ஆகாது. வெளிநாட்டுல எல்லாம் செஞ்சு பார்த்து எழுதியிருக்காங்க. நம்ம ஓடையில செஞ்சு இப்பத்தான் பாக்குறேன்."

"அப்ப காலு மொளைச்சது?" என்று பூமயில் கேட்டார்.

சலாஹுதீன், பட்டியில் அன்று செத்துக் கிடந்த, கால் போன நண்டு ஒன்றில் இருந்த மொட்டை ஊசியால் பிரித்துக் காட்டினார். உள்ளே பால் நிறத்தில் ஒரு முழுக் கால் மடிந்து இருந்தது. கால் உடைந்த புதிதில் இந்த இடத்தைப் பூதக்கண்ணாடி போன்ற பெரிய கருவியில் பார்த்தால், ஒன்றைப் போல ஒன்றாக இருக்கும் உயிரணுக்கள்தான் குவிந்து கிடக்கும் என்று சொன்னார். எது தோல், எது சதை, எது நரம்பு என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, இருக்கும் இடத்தையும் வந்து சேரும் சத்தையும் பொறுத்து, வெளியில் இருப்பது தோலாகும், உள்ளே இருப்பது சதையாகும். சிறு மொட்டாகும் வரை தானாக வளரும். அதன் பிறகு ஓடு மாற்றும் உத்தரவு வரும் வரை காத்திருக்கும்.

"ஒவ்வொரு அணுவும் தான் என்ன ஆகணும்னு எப்பிடித் தெரிஞ்சுக்கிருது?" என்று நான் கேட்டேன்.

"அது முழுசா யாருக்கும் தெரியாது தம்பி. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

பூமயில் அந்த மொட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு முனியசாமியைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, இது கம்மாய் மடைடா. நாம மடைப் பலகையைப் பிடுங்கிப்புட்டோம். தண்ணி எல்லா வயலுக்கும் ஒரே நேரத்துல போயிருச்சு. தண்ணி ஒண்ணுதான். நெல்லுக்குப் போனா நெல்லு வெளையும், மொளகாய்க்குப் போனா மொளகா வெளையும். இங்க தோலுக்குப் போயி தோலு உரிஞ்சிருக்கு, மொட்டுக்குப் போயி காலு விரிஞ்சிருக்கு. பலகை எங்க இருக்குன்னு தெரியாமப் பிடுங்குனது நம்ம தப்பு."

"இதை நான் எழுதிக்கிறேன் அம்மா" என்று சலாஹுதீன் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

வாவு முகம்மது தொண்டையைச் செருமினார். "நோய் இல்லைன்னு ஆயிருச்சு. நாளையிலேருந்து எல்லாரும் நண்டைக் கொண்டு வாங்க" என்றார். கூட்டம் பெருமூச்சு விட்டது. அவர் பூமயிலின் பக்கம் திரும்பினார். "ஆனா மதுரைக் கடைக்குத் தொண்டிக்காரன் ரெண்டு வாரமாக் குடுத்துக்கிட்டு இருக்கான். அவன்கிட்ட இருந்து பிடுங்கி ஒனக்குக் குடுக்க முடியாது தாயி. அது ஞாயமில்ல."

"நான் கேக்கலையே மொதலாளி."

"ராமநாதபுரத்துல ஒரு கடை கேக்குறான். சின்னக் கடை. வாரம் இருபது. ஆனியில ஆரம்பிக்கலாம். கண்ணு உள்ள நண்டா இருக்கணும்."

"எண்ணிக்கங்க. நண்டுக்கு ரெண்டு கண்ணு" என்றார் பூமயில்.

அதன் பிறகு ஊரார் யாரும் பட்டியைப் பிரிக்கச் சொல்லவில்லை. அவரே பிரித்தார். பனை மட்டைத் தட்டிகளால் தடுத்து, அறைக்கு மூன்று நண்டுக்கு மேல் விடாதபடி பதினெட்டு அறையாக மாற்றிக் கட்டினார். பிச்சையம்மாள் மட்டை கிழித்துக் கொடுத்தார். அண்ணனுக்கு என்னைக் கொண்டுதான் கடிதம் எழுதினார். ஆனி மாதத்திலிருந்து வருமானம் உண்டு, வரவில்லை, கோபம் வேண்டாம் என்று மூன்று வரி. அண்ணன் கோபப்பட்டார். ஆனால் மறுபடி ஆள் அனுப்பவில்லை.

இப்போது 1961. பூமயில் கோரைமுனையில்தான் இருக்கிறார். வாரம் இருபது நண்டு முப்பத்தைந்து ஆகியிருக்கிறது. முனியசாமிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

நான் இதை எழுதக் காரணம் இருக்கிறது. சென்ற மாதம் உப்பூர்ப் பக்கம் போயிருந்தேன். அங்கே ஒருவர் நண்டுகளுக்குக் கத்தரியால் கண்ணை நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "கோரைமுனையில ஒரு பொம்பளை கண்டுபிடிச்சது தம்பி, சண்டையே போடாது" என்றார். பாதிக் கதை மட்டும் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்று நாளில் நடந்தது தெரிந்திருக்கிறது. பதினெட்டாம் நாள் நடந்தது தெரியவில்லை. நான் சொன்னேன், அவர் நம்பவில்லை. நான் நண்டு பிடிப்பவனும் அல்ல, படித்துப் பட்டம் வாங்கியவனும் அல்ல. ஆகவே இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ பாம்பனிலோ நண்டு பிடிக்கும் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், படிக்கத் தெரியாதவராக இருந்தால் படித்துக் காட்டி, இதைக் கடைசி வரைக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது பானைகளை விட்டுவிடாதீர்கள்.